சுண்டெலிக்கு எது இரக்கம்: பசை அட்டையா, மருந்தா, பொறியா, கூண்டா, சிமெண்டா?

வந்திருப்பது யார் என்று முதலில் பார்த்துவிட வேண்டும். எலி பிடிக்கச் செலவழிக்கும் காசில் பாதி இதைப் பார்க்காததால்தான் வீணாகிறது. அடுப்பு மேடை ஓரத்தில் கிடக்கும் புழுக்கை சீரகச் சம்பா அரிசி அளவில், 3 முதல் 6 மி.மீ. நீளத்தில், நுனி கூர்ந்திருந்தால் சுண்டெலி. புளியங்கொட்டை நீளத்துக்குத் தடித்திருந்தால் வீட்டெலி. கீச்கீச்சென்று கத்திக்கொண்டு சுவரை ஒட்டியே ஓடி, ஒரு மாதிரி வாடையை விட்டுப் போவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்று வாழ்வது. பிள்ளையார் வாகனம் என்று அதை அடிக்காமல் விடுவதில் வீட்டுக்கு லாபமும் உண்டு. வாசல் கதவைத் திறந்து வைத்து, பின்னாலிருந்து துடைப்பத்தைக் காட்டினால் சுவரைப் பிடித்தபடியே வெளியேறிவிடும்.

இங்கே பேசுவது சுண்டெலியைப் பற்றி. கடையில் கிடைக்கும் ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் அளக்கலாம்: எலி எவ்வளவு நேரம் வதைபடும்? எலியைத் தவிர வேறு எது மாட்டும்? அடுத்த மாதம் இன்னொன்று வருமா?

பசை அட்டை

மலிவு, வைப்பது சுலபம், மாட்டுவதும் உறுதி. ஆனால் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. ஒட்டிய எலி உடனே சாவதில்லை. காலைப் பிய்த்துக்கொள்ளப் போராடி, தோல் உரிந்து, தாகத்திலும் களைப்பிலும் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும், உயிரோடு கிடக்கும். பல்லி, அணில் குஞ்சு, சிட்டுக்குருவி என்று தரையோரம் வருவதெல்லாம் ஒட்டிக்கொள்ளும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2011-லும் 2020-லும் இதற்கு எதிராக மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் பொதுமக்கள் இதை வைப்பதே குற்றம்.

ஏற்கெனவே ஒன்று மாட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, சுற்றியுள்ள வெற்றுப் பசைமேல் கோலமாவைத் தூவுங்கள். விடுபட்டது மறுபடி ஒட்டாது. பிறகு கடலை எண்ணெயோ தேங்காயெண்ணெயோ சொட்டுச் சொட்டாகக் கால்மாட்டில் விட்டு, சில நிமிடம் ஊறவைத்து, பஞ்சால் மெல்லத் தள்ளுங்கள். மூக்கில் எண்ணெய் படக்கூடாது.

மருந்து

எலி கேக் என்று விற்பதில் பெரும்பாலும் 0.005 சதவீத புரோமாடியோலோன் இருக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து; எலி உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாக நாலைந்து நாள் ஆகும். அதற்குள் அது பரண்மேலோ அலமாரிக்குப் பின்னாலோ போய்ச் செத்தால் வாடை ஒரு வாரத்துக்குப் போகாது. மருந்து தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் அதே விஷம் போய்ச் சேரும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் மனிதரின் கல்லீரலையே அழிப்பது. தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய டியூப் வீட்டில் எங்காவது கிடந்தால் அதுதான் எலியைவிடப் பெரிய ஆபத்து.

மெஷினும் வாசனையும்

பிளக்கில் செருகும் ‘அல்ட்ராசோனிக்’ கருவி யாரையும் வதைக்காது, எலியையும் விரட்டாது. அந்த ஒலி சுவரையும் பீரோவையும் தாண்டாது, எலிக்கும் சில நாளில் பழகிவிடும். 2001-லேயே அமெரிக்க வணிக ஆணையம் 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும், விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரித்தது. புதினா எண்ணெய், பாச்சை உருண்டை கதையும் இதுதான். அதிலும் பாச்சை உருண்டையைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இறைத்து வைப்பது கூடாது. பூனை வளர்க்கலாம், பூனை பிடித்தவர்கள்; ஆனால் பூனை எலியை உருட்டி விளையாடிக் கொல்வதற்கு இரக்கம் என்று பெயர் வைக்க முடியாது.

அடிப்பொறியும் கூண்டும்

உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான். ஸ்பிரிங் பொறி என்றதும் கொடூரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. இறுக்கமான ஸ்பிரிங், சுண்டெலிக்கென்றே செய்த சிறிய அளவு, கம்பி கழுத்தில் விழும்படி வைப்பது என்ற மூன்றும் அமைந்தால் சாவு கண நேரத்தில் முடிந்துவிடும். கெடுவது பெரும்பாலும் வைக்கும் விதத்தில். பொறியைச் சுவருக்கு இணையாக வைத்தால் எலி பக்கவாட்டில் ஏறி, கால் அல்லது வால் மாட்டும். இரை உள்ள முனை சுவரைத் தொட, பொறி சுவருக்குக் குறுக்காக நிற்க வேண்டும். இரை பட்டாணி அளவு போதும். அதிகம் வைத்தால் ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போய்விடும். குழந்தையோ நாயோ புழங்கும் இடத்தில் இது வேண்டாம்.

கூண்டு கொல்வதில்லை. ஆனால் பிடித்தவரின் சோம்பலால் எலி கூண்டுக்குள் செத்துப்போவது சாதாரணமாக நடக்கிறது. சுண்டெலியின் எடை சுமார் 20 கிராம். அந்த உடம்பு பசியையும் குளிரையும் நெடுநேரம் தாங்காது. இரவில் வைத்தால் விடிந்ததும் பார்த்தே ஆக வேண்டும். ஊருக்குப் போகும் நாளில் கூண்டை விரித்து வைத்துவிட்டுப் போவது பசை அட்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. உள்ளே ஒரு துண்டு வெள்ளரியும் கிழிந்த காட்டன் துணியும் போட்டு வையுங்கள். மாட்டியதும் கூண்டைத் துணியால் மூடினால் இருட்டில் அடங்கிவிடும்.

கடையில் தொங்கும் கம்பிக் கூண்டு பெரும்பாலும் வீட்டெலிக்கானது. கம்பி இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் இருந்தால், சுண்டெலி வடையைத் தின்றுவிட்டுக் கம்பி வழியே நடந்து போய்விடும். பென்சில் நுழையும் சந்து அதற்கு வாசல். பழைய மாதிரி மரப்பெட்டிப் பொறியோ, சின்னக் கண்ணி வலை அடித்த கூண்டோ வாங்குங்கள். மசால் வடை மணக்கும், ஆனால் உதிரும். கொக்கி அசையாமலே விளிம்பு காலியாகிவிடும். சுட்ட தேங்காய்ச் சில்லை நூலால் கொக்கியில் கட்டினால் இழுத்துத்தான் தின்ன வேண்டும், கதவும் விழும். வேர்க்கடலையை வெல்லத்தோடு இடித்து உருட்டியும் வைக்கலாம்.

வீட்டெலி புதுப் பொருளைக் கண்டால் நாள் கணக்கில் ஒதுங்கும். சுண்டெலியோ துருவிப் பார்க்க வரும். இரண்டு இரவு கூண்டு காலியாக இருந்தால் இரையை மாற்றாதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

பிடித்ததைக் கூண்டோடு வாளித் தண்ணீரில் அமுக்குவது நம் ஊர்ப் பழக்கம். அது நிமிடக் கணக்கில் மூச்சுத் திணறல். அதற்கு அடிப்பொறியே மேல். விடுவதாக இருந்தால் பகலில் விடாதீர்கள், காக்கை இரண்டு எட்டு வைக்க விடாது. பொழுது சாய்ந்ததும், செடி, கல் குவியல் என்று ஒதுங்க இடமுள்ள பக்கமாகக் கூண்டின் வாயைத் திருப்பி வைத்து, கதவைத் தூக்கிப் பிடித்துவிட்டு விலகி நில்லுங்கள். பைக்கில் ஐந்து கிலோமீட்டர் கொண்டுபோய்த் தெரியாத இடத்தில் விட்டால் ஒளிய இடமும் இரை கிடைக்கும் இடமும் தெரியாமல் பெரும்பாலும் செத்துப்போகும். வீட்டுக்கு வெளியே பக்கத்திலேயே விடுவதுதான் அதற்கு நல்லது. ஆனால் வந்த வழியை அடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் உங்களுக்கு முன்னால் அது வீட்டில் இருக்கும்.

வயிற்றில் மயிர் உதிர்ந்து காம்பு தெரிந்தால் பால் கொடுக்கும் தாய். குட்டிகள் மூன்று வாரத்தில் தாய்ப்பால் மறக்கும். அதுவரை தாயைப் பிரித்தால் அவை சுவருக்குள் பட்டினியில் சாகும். பிடித்த இடத்திலேயே விட்டு, அரிசி டப்பாக்களை இறுக்கி மூடி, மூன்று வாரம் கழித்து எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பதுதான் சரி. எல்லா வீட்டிலும் அந்தப் பொறுமை இருக்காது, அதுவும் தெரியும்.

சந்துகளை அடைப்பது

மூன்றாவது கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வது இது ஒன்றுதான். சிங்க் வடிகால் குழாய் சுவருக்குள் போகும் இடம், ஏசி குழாய்த் துளை, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, பின்கதவின் அடி என்று நாலு இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு போலக் கருமை படிந்திருந்தால் அதுதான் பாதை.

உடனே பூசிவிடக்கூடாது, உள்ளே இருப்பது சுவருக்குள் சிக்கிவிடும். துளையில் செய்தித்தாளைக் கசக்கிச் செருகுங்கள். மூன்று இரவு தாள் அசையாமல் இருந்தால் அந்த வழியில் போக்குவரத்து இல்லை, அடைக்கலாம். துணி, தெர்மாகோல், ஃபோம் எல்லாம் ஒரே ராத்திரியில் கொறிபடும். பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத ஸ்டீல் நாரை இறுக்கமாகத் திணித்து, அதன்மேல் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு 6 மி.மீ. கண்ணியுள்ள கால்வனைஸ்டு வலை. கதவடிக்குத் தகடு.

புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். எலிச் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறியபின் கையுறையோடு துடைத்தெடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் படுக்கப்போகும் முன் அடுப்படிச் சுவரோரம் கல் கோலமாவை மெல்லிய பட்டையாகத் தூவி வையுங்கள். அரிசி மாவு வேண்டாம், அது விருந்தாகிவிடும். இரண்டு நாள் காலையில் தொடர்ந்து மாவில் கால்தடம் இல்லையென்றால் கூண்டைக் கழுவிப் பரணில் ஏற்றலாம். இருந்தால், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தடமே காட்டும். அங்கே இன்னொரு சந்து இருக்கிறது.