5,800 ரூபாய்க்கு ரேம் மாற்றினேன், மிஞ்சியது நீலத்திரை: குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் கவனிக்கவும்

கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். தணிந்துவிட்டால் "போகட்டும், பணம்தானே" என்று நானே விட்டுவிடுவேன். அந்தக் கடைக்காரர் நம்பியிருப்பதும் அதைத்தான். போனது 5,800 ரூபாய், கம்ப்யூட்டரின் ரேமுக்கு, அதாவது ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்துக்கு. ரேம் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளுக்குப் பச்சை இலைக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். யார் எத்தனை கிலோ போட்டார்கள், ஃபாக்டரியில் எவ்வளவு கழித்தார்கள், உரத்துக்கு வாங்கிய முன்பணம் எவ்வளவு, எல்லாம் எக்செல்லில் இருக்கும். 8 ஜிபி ரேமில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மாதக் கடைசியில் திணறும். அதைத் தவிர வேறு கோளாறு கிடையாது. ஒருநாளும் தானாக நின்றதில்லை.

கடை குன்னூரில். விற்பனை, சர்வீஸ், ஜெராக்ஸ் மூன்றும் ஒரே அறையில் நடக்கும் கடை. பெயர் இப்போதைக்கு வேண்டாம். சிபியுவைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, பழைய 8 ஜிபியோடு புதியதைச் சேர்த்தால் தகராறு செய்யும். அதைக் கழற்றிவிட்டு ஒரே 16 ஜிபியாகப் போட்டுவிடுவோம்" என்றார். இதில் பாதி உண்மை. வேகமும் தயாரிப்பும் வேறான இரண்டு ரேம்களை ஒன்றாகப் போட்டால் சில மதர்போர்டுகள் முரண்டு பிடிக்கும். ஒத்துக்கொண்டாலும் மெதுவானதன் வேகத்தில்தான் இரண்டும் ஓடும். எனக்கும் அது தெரியும் என்பதால் ஆள் விஷயம் தெரிந்தவர் என்று நினைத்தேன். ரேமுக்கு 5,400, மாட்டுவதற்கு 400. கழற்றிய என் 8 ஜிபி ரேமை, "இதற்கு வெளியே விலை இல்லை அக்கா" என்று தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

பிறகு டீ வரவழைத்தார். கம்ப்யூட்டரின் நிலவரம் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 16 ஜிபி, வேகம் 2666 என்று இருந்த இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "பார்த்துக்கொள்ளுங்கள். இனி இந்தப் பக்கமே வர மாட்டீர்கள்" என்றார். பில் கேட்டேன். "பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், உங்களுக்கு எதற்கு வீண் செலவு? மூன்று வருட வாரண்டிக்கு நான் இருக்கிறேன்" என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையையும் தேதியையும் எழுதிக் கடை முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த முத்திரைதான் இப்போது என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி.

வீட்டில் பாட்டு கேட்டவரை, கடிதம் அடித்தவரை ஒன்றும் ஆகவில்லை. மாதக் கணக்கைத் திறந்து, பிரவுசரில் நாலைந்து பக்கங்களையும் திறந்ததும் கம்ப்யூட்டர் நின்று, பிழையைச் சொல்லும் நீலத்திரை வந்தது. கீழே 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று எழுதியிருந்தது. திரும்பப் போட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நீலத்திரை, இந்த முறை வேறு பெயரில் ஒரு பிழை. ஒரே கம்ப்யூட்டர் வேளைக்கு ஒரு பிழை சொன்னால் முதலில் ரேமைச் சந்தேகிக்க வேண்டும். சேமித்துக்கொண்டிருந்தபோது ஒரு தடவை நின்றதில் கணக்குக் கோப்பே திறக்கவில்லை. மழையில் நனைந்த இலைச் சீட்டுகளை அடுப்பங்கரையில் உலர்த்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினேன்.

போன் செய்தேன். "கோத்தகிரியில் கரண்ட் ஏறி இறங்கும் அக்கா" என்றார். யுபிஎஸ் இருக்கிறது என்றேன். "ஐப்பசி மழை, ஈரம் இறங்கியிருக்கும்." பழைய ரேம் இதே ஈரத்தில்தானே இத்தனை வருடம் ஓடியது? "அப்படியானால் வைரஸ். கொண்டு வாருங்கள், ஃபார்மட் செய்துவிடலாம், 600 ரூபாய்." அதன் பிறகு பஸ்ஸில் குலுங்கியதால் ஸ்லாட் ஆடியிருக்கும் என்றார். கடைசியாகச் சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது. "உங்களுக்குச் சொன்னால் புரியாது அக்கா, வீட்டில் அண்ணனை வரச் சொல்லுங்கள்." கணக்கு எழுதுவதும் நான், பணம் எண்ணிக் கொடுத்ததும் நான். அண்ணனுக்கு இதில் என்ன வேலை?

பக்கத்து வீட்டுப் பையன் பொறியியல் படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். தன்னிடம் சும்மா கிடந்த 4 ஜிபி ரேமைக் கொண்டு வந்து, கடைக்காரர் போட்டதைக் கழற்றிவிட்டு மாட்டினான். ஒருநாள் முழுக்க வேலை செய்தேன். மெதுவாக ஓடியது, ஆனால் நிற்கவில்லை. அப்படியானால் கரண்டும் ஈரமும் வைரஸும் எங்கே போயின?

பிறகு 16 ஜிபியைத் திரும்பப் போட்டு, மெம்டெஸ்ட்86 என்ற இலவச ரேம் சோதனையைப் பென்டிரைவிலிருந்து ஓட்டினான். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே ஓடுவது அது. அதனால் வைரஸ் மேல் பழி போட வழியே இல்லை. சிறிது நேரத்தில் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள் வரிசையாக இறங்கின. நல்ல ரேமில் ஒரு பிழைகூட வரக்கூடாதாம்.

இனிமேல்தான் வயிறு எரிந்த இடம். சிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்த்தால், ரேம் தன்னைப் பற்றித் தனக்குள்ளேயே வைத்திருக்கும் குறிப்பு தெரியும். அதில் வேகம் 2133, தயாரிப்பு 2017. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனால், தானாக அமைய வேண்டிய ரேம் வேகத்தைக் கையால் 2666 என்று மாற்றி வைத்திருக்கிறார்! எனக்குப் பேனாவால் தொட்டுக் காட்டிய எண் அதுதான். பழைய நிலைக்கு மாற்றிப் பார்த்தோம், சிவப்பு வரிகள் குறைந்தன, நிற்கவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மேலே ஒட்டிய பளபள ஸ்டிக்கரின் ஓரத்தில் மஞ்சளாக இன்னொரு காகிதம் எட்டிப் பார்த்தது. ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிறப் பற்களில் கோடு கோடாகத் தேய்மானம், பலமுறை மாட்டிக் கழற்றிய அடையாளம்.

நேற்று நேரில் போனேன். ரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டிக்கரை நகத்தால் கீறியிருக்கிறீர்கள், வாரண்டி போய்விட்டது" என்றார். சரி, என் பழைய ரேமையாவது கொடுங்கள் என்றேன். "அதை அப்போதே வேறு ஒருவருக்குப் போட்டுவிட்டோமே." எந்த அப்பாவிக்குப் புத்தம் புதியது என்று விற்றாரோ! விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டிவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டார். 5,800 ரூபாய். இலை விலை இருக்கும் இந்த நிலையில் அதை விற்கிறவர்களிடம் கணக்கெழுதிச் சேர்த்த பணம்.

விவரமாக எழுதுகிறேன் என்று தொடங்கினேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக இதைச் செய்யுங்கள். கழற்றிய பழைய ரேமைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட்டுச் சோதிக்க அதுதான் உதவும். திரையில் 16 ஜிபி என்று தெரிவதை நம்பாதீர்கள், கெட்ட ரேமும் அளவைச் சரியாகத்தான் காட்டும். சிபியு-இசட்டைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

அந்தச் சுவர்த் தாளுக்கு மதிப்பில்லை. பில் தர மறுப்பதும், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். அசையாவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. அதே கடையில் ரேம் போட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே போவோம். இப்போது இரவல் வாங்கிய 4 ஜிபியில் மாதக் கணக்கை முடித்தாக வேண்டும்.