காலைப் பிரட்டலுக்கு 10 அங்குல வார்ப்பிரும்புத் தாச்சி

இறைச்சி, மரக்கறி, முட்டை மூன்றும் சேர்ந்த காலைப் பிரட்டலுக்குத் தட்டை அடியுள்ள வார்ப்பிரும்புத் தாச்சிதான் சரி. ஆனால் 10 அங்குலம் இரண்டு பேருக்குத்தான் காணும். நாலு பேருக்கென்று ஒரேயடியாகக் கொட்டினால் எல்லாம் அவிந்து சொதசொதத்துப் போகும்.

எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை. மேற்பரப்பு ஈரம் வற்றும்வரை இறைச்சியின் சூடு 100 பாகையைத் தாண்டாது, தாண்டாமல் சிவக்காது. மெல்லிய அலுமினியத் தாச்சியில் குளிர்ந்த இறைச்சி விழுந்ததும் சூடு இறங்கிவிடும். இரண்டு கிலோவுக்கு மேல் கனமான இந்த இரும்பு பிடித்து வைத்த சூட்டை இலேசில் விடாது. டெஃப்லோன் பூசிய தாச்சியை இப்படிக் காயவிடவும் முடியாது, 260 பாகைக்கு மேல் பூச்சு சிதையத் தொடங்கும்.

குறையும் உண்டு. இரும்பில் சூடு மெதுவாகத்தான் பரவும். சின்னக் காஸ் அடுப்பில் நடு எரியும், ஓரம் குளிர்ந்திருக்கும். நடுத்தர நெருப்பில் 6, 7 நிமிடம் காயவிட்டு, இடையில் ஒருமுறை தாச்சியை அரைவட்டம் சுழற்றி வையுங்கள்.

இரண்டு பேருக்குக் கோழி நெஞ்சிறைச்சி 250 கிராம், முட்டை 4, உருளைக்கிழங்கு 200 கிராம், கரட் 1, போஞ்சி 8, சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 2, முருங்கையிலை ஒரு பிடி. ஆளுக்கு ஏறக்குறைய 40 கிராம் புரதம் வரும்.

கிழங்கை 1 சென்ரிமீற்றர் துண்டாக வெட்டி, உப்புத் தண்ணீரில் 4 நிமிடம் அவித்து, துணியில் பரப்பி உலரவிடுங்கள். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் செம்மண்ணில் அப்போதுதான் கிண்டிய கிழங்கென்றால் ஈரம் கூட. இன்னும் கொஞ்சநேரம் விடவேண்டும். இறைச்சியையும் துடைத்து, உப்பும் மிளகும் பிரட்டி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். 3 நிமிடம் தொடவேண்டாம். பலர் கெடுப்பது இந்த இடத்தில்தான்: ஒட்டுகிறதென்று சுரண்டுவார்கள். சிவந்ததும் இறைச்சி தானாகவே அடியை விடும். மறுபக்கம் 2 நிமிடம், பிறகு வேறு கோப்பையில் எடுத்துவிடுங்கள்.

அதே தாச்சியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கிழங்கு 8 நிமிடம். பிறகு கரட், போஞ்சி, வெங்காயம், மிளகாய். லீக்ஸும் கோவாவும் தண்ணீர் விடும், போடுவதானால் தனியே வதக்குங்கள். இறைச்சியைத் திரும்பச் சேர்த்து, உள்ளே வெள்ளையாகும்வரை பிரட்டி, நெருப்பைக் குறைத்து ஒரு தேக்கரண்டி கறித்தூள். யாழ்ப்பாணத்துத் தூள் ஏற்கெனவே வறுத்தது, அரை நிமிடத்துக்கு மேல் காய்ந்தால் கசக்கும். முருங்கையிலையைத் தூவி, நாலு குழி பறித்து முட்டை ஊற்றி மூடினால் 3, 4 நிமிடத்தில் வெள்ளைக்கரு இறுகும்.

தேசிக்காயைக் கோப்பையில் பிழியுங்கள். புளிப்பு, பழக்கிய தாச்சியில் எண்ணெய் காய்ந்து பிடித்த கறுப்புப் படையைத் தின்றுவிடும். புதுத் தாச்சியில் முட்டை ஒட்டினால் தாச்சி கூடாததென்று நினைக்கவேண்டாம், படை இன்னும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, எண்ணெயைத் தடவித் துடைத்தெடுங்கள். மினுங்கும் அளவுக்கு எண்ணெய் நின்றால் பிசுபிசுக்கும்.

கைபிடியும் இரும்புதான், தடித்த துணி இல்லாமல் பிடிக்கமுடியாது. வாங்கும்போது கடையின் கண்ணாடி மேசையில் வைத்து விளிம்பை அழுத்திப் பாருங்கள். ஆடினால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.