திரையில் தெரிவது நாக்ராவா, ஊஹரா?
பழைய உளவுப் படங்களில் மேசைமேல் சுழலும் டேப் ரெக்கார்டர் பல நேரம் இந்த இரண்டில் ஒன்று. முதலில் பொத்தான்களைப் பாருங்கள். சுவிஸ் தயாரிப்பான நாக்ரா 3-இல் (1958) முகப்பில் திருப்பும் பெரிய குமிழ். ஜெர்மனியின் ஊஹர் 4000-இல் பியானோ கட்டை மாதிரி அழுத்தும் பொத்தான் வரிசை. நாக்ராவுக்கு 12 பெரிய பேட்டரி, ஊஹருக்கு 5 போதும்; அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாலும் நம்பலாம்.

இயக்குநர்கள் சறுக்குவது நேரக் கணக்கில்தான். நாக்ராவின் மூடியை மூடினால் 5 அங்குல ரீல்தான் அடங்கும். 180 மீட்டர் டேப், நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் 16 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஊஹரில் 2.4 செ.மீ. வேகமும் உண்டு, அதே ரீல் 2 மணி நேரம் தாங்கும், குரல் மட்டும் மங்கும். மூடிய நாக்ரா இரவெல்லாம் ஒட்டுக்கேட்டால் அது சுத்தப் புருடா.