டிஸ்க் மாத்தினா விண்டோஸ் கீயும் போயிடும்னு சொன்னா நம்பாதீங்க

திருப்பூர்ல சின்னதா பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கோம். டேலி, ஜிஎஸ்டி, பேங்க் எல்லாத்துக்கும் ஒரே லேப்டாப்தான். வாங்கும்போதே விண்டோஸ் 11 ஹோம் போட்டு வந்தது. உள்ள இருக்கற டிஸ்க் (எஸ்எஸ்டி) போயிருச்சுன்னு ஊருக்குள்ள ஒரு கடையில குடுத்தோம். பேர் வேண்டாம், இதே வேலையைப் பண்ற கடை நிறைய இருக்கு.

“பழைய டிஸ்க்கோட லைசன்ஸும் போயிருச்சுங்ணா, புதுசா ஒரிஜினல் கீ போடோணும். லைஃப்டைமுங்க”ன்னாங்க. லோடிங் 500, கீ 3,500. பில்லுல ‘ஓஎஸ் ஒரிஜினல்’னு கையில எழுதி ஒரு கிறுக்கல். கீன்னா விண்டோஸ் ஒரிஜினல்னு பதிவு பண்ற (அதுதான் ஆக்டிவேஷன்) 25 எழுத்து லைசன்ஸ் நம்பர், அது எங்கேயும் இல்லை.

சொன்னது சுத்தப் பொய். 2012-ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து, விண்டோஸோட விக்கற பிராண்டட் லேப்டாப்புக்கு கீ மதர்போர்டு சிப்லயே பதிஞ்சு வருது. விண்டோஸ் 7 காலத்துல அடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுக்குப் பதிலாத்தான் இது. டிஸ்க்கைக் கழட்டிக் குப்பையில போட்டாலும் கீ போர்டுலயே இருக்கும். அதே ஹோம் எடிஷனைத் திரும்பப் போட்டா, கீ கேக்காமலே எடுத்துக்கும். நெட் குடுத்தா ஆக்டிவேட் ஆயிடும். மதர்போர்டை மாத்தினாத்தான் பிரச்சனை.

மாசங்கள் போய், ஜிஎஸ்டிஆர்-1ங்கற மாச விற்பனைக் கணக்கு குடுக்கக் கடைசி நாளான பதினொண்ணாம் தேதி அன்னிக்குன்னு பார்த்து, லைசன்ஸ் முடியப் போகுதுன்னு வந்து நின்னுச்சு. செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கம் போனா, ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை’ங்கற மாதிரி இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. எங்க நிறுவனத்துல இருக்கறது பவர் டேபிள், ஓவர்லாக்னு தையல் மெஷின்தானுங்க, சர்வருக்கு எங்க போறது?

அப்பறம்தான் தெரிஞ்சது. அவங்க போட்டது ஹோம் இல்லை, புரோங்கற வேற எடிஷன். அதை கேஎம்எஸ்ங்கற முறையில ஆக்டிவேட் பண்ணியிருக்காங்க. அது குறைஞ்சது 25 கம்ப்யூட்டராவது இருக்கற பெரிய ஆபீசுகளுக்கானது: உள்ளேயே ஒரு சர்வர், அது ஒருக்கா 180 நாளைக்கு அனுமதி குடுக்கும், அப்பப்ப புதுப்பிச்சுக்கும். இவங்க இன்டர்நெட்ல யாரோ வெச்சிருந்த சர்வரைக் காட்டி விட்டுட்டாங்க. அவன் மூடிட்டான், நமக்கு மணி அடிச்சிருச்சு.

இதைவிட எனக்குக் கோவம் வந்தது வேற ஒண்ணுல. விண்டோஸ் செக்யூரிட்டில எக்ஸ்க்ளூஷன்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு. சி டிரைவ்ல ஒரு ஃபோல்டரை ஸ்கேன் பண்ணாதேன்னு அங்க சொல்லி வெச்சிருந்தாங்க, கிராக் (திருட்டுத்தனமா ஆக்டிவேட் பண்ற புரோகிராம்) மாட்டக்கூடாதுன்னு. அதே மெஷின்லதான் நான் சனிக்கிழமை சம்பளத்துக்கு நெட் பேங்கிங் போடறேன்.

கடைக்குப் போன் பண்ணினா, “வைரஸ் ஏறியிருக்குமுங்ணா, 500 குடுத்தா மறுபடி ஆக்டிவேட் பண்ணித் தந்தர்றோம்”. லைஃப்டைம்னீங்களேன்னா பதிலில்லை.

உங்க மெஷினையும் பாத்துக்கங்க. விண்டோஸ் பட்டனோட ஆர் அமுக்கி, எஸ்எல்எம்ஜிஆர், ஒரு ஸ்பேஸ், முன்சாய்கோடு, டிஎல்வின்னு (எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல) அடிச்சு என்டர் குடுங்க. வர்ற பெட்டியில சேனல்ங்கற இடத்துல ஓஇஎம் டிஎம்னு இருந்தா அது உங்க போர்டு கீ. கடையில தனியா வாங்கினதுன்னா ரீடெய்ல்னு இருக்கணும். வால்யூம் ஜிவிஎல்கேன்னு (கேஎம்எஸ்ஸுக்குப் போடற பொதுக் கீ) இருந்து, நீங்க பெரிய கம்பெனியும் இல்லைன்னா, ஏமாத்தியிருக்காங்க. ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு விக்கற கீயும் பெரும்பாலும் இப்படி வேற யாருக்கோ உரியதுதான்.

புரோவை அப்படியே ஹோமா இறக்க முடியாது, துடைச்சுத்தான் போடணும். மைக்ரோசாஃப்ட் சைட்லயே விண்டோஸைப் பென்டிரைவ்ல ஏத்தித் தர்ற மீடியா கிரியேஷன் டூல் இலவசம், 8 ஜிபி பென்டிரைவ் போதும். டேலி டேட்டாவை வெளிய எடுத்து வெச்சுட்டு நானே போட்டேன். கீயே கேக்கலை, ஆக்டிவேட் ஆயிருச்சு. டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் டிரைவர், பிரிண்டர்னு திரும்ப ஏத்தறதுலதான் ஒரு நாள் போச்சு.

சண்டை போட்டதுல 1,500 திரும்ப வந்துச்சு. மீதிக்கு நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுத்திருக்கேன். பில்லும், அந்த வால்யூம்னு காட்டின பெட்டியோட போட்டோவும் சேத்து.