ஓபிடி ஸ்கேனர்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தது

ஓபிடி ஸ்கேனர் என்பது காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் கருவி. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட்டில் செருகும் சின்ன புளூடூத் ஸ்கேனர்தான் என்னுடையது. சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். கார் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் இதன் உண்மையான பயன், கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்ணை, அதாவது கோட் படிப்பதில் இல்லை. வண்டி ஓடும்போது சென்சார்களிலிருந்து உடனுக்குடன் வரும் லைவ் டேட்டாவில் இருக்கிறது.

என் காரில் செக் என்ஜின் லைட் எரிந்து பி0171 என்ற கோட் வந்தது. உள்ளே போகும் காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். மெக்கானிக் உடனே, புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. குறையைக் கண்டு சொன்னதே அந்தச் சென்சார்தானே?

லைவ் டேட்டாவில் ஃப்யூல் ட்ரிம்மைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சமாளிக்கிறது என்பதை இது சதவீதத்தில் காட்டும். ப்ளஸ், மைனஸ் எதுவானாலும் 5க்குள் இருந்தால் நல்லது. 10ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். என் காரில் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, ப்ளஸ் 20ஐ ஒட்டி நின்றது. 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் சட்டென்று இறங்கிவிட்டது. உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள என்ஜினில் இது வேக்கம் லீக்கின், அதாவது அளக்கப்படாத காற்று ஓட்டை வழியே உள்ளே புகுவதன் அடையாளம். ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால், சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். தேடினால், ஒரு வேக்கம் ஹோஸ் வெடித்திருந்தது. அதை மாற்றியதும் ட்ரிம் சரியானது. ஆக்ஸிஜன் சென்சார் இன்றும் பழையதேதான்.

மாறாக, ஐடிலில் சரியாக இருந்து என்ஜின் மேல் லோடு ஏற ஏற ட்ரிம் கூடினால் ஃப்யூல் பம்ப், ஃப்யூல் ஃபில்டர், அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். அங்கே ஸ்கேனர் மட்டும் போதாது. நிறைய கார்களில் ஃப்யூல் பிரஷரை அளக்கும் சென்சாரே கிடையாது. தனியாக கேஜ் மாட்டித்தான் அளக்க முடியும்.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தை அளக்கும் சென்சாரைச் சோதிப்பது சுலபம். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட், இன்டேக் காற்று இரண்டின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஐந்தாறு அளவுகளுக்கு மேல் ஒன்றாகத் திறந்தால் திணறுகிறது. சாக்கெட்டில் எப்போதும் கரண்ட் இருப்பதால், நாள்கணக்கில் வண்டி நின்றால் கழற்றி வைப்பது நல்லது. அப்புறம், பதிவான கோட் எண்ணை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவைக் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த நேரத்து வேகமும் வெப்பமும் அதில்தான் இருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.