மேம்பாலமா, மேட்டுக் கடவையா, நடுத்திட்டா?

இலங்கையின் கிழக்கில் கல்முனை, ஆரையம்பதி, காத்தான்குடி என்று ஊர்களின் நடுவால் ஓடுகிறது ஏ4 வீதி. இந்த வீதியை ஆட்கள் நடந்து கடக்கக் கடவைக் கோடு மட்டும் போதாது என்பதை ஒரு காலையில் கண்ணால் கண்டேன். கடவைக்கு முன்னால் பஸ் மரியாதையாக நின்றது. ஒரு கையில் மீன் பை, மறு கையில் என் மகனின் விரல் என்று அம்மா கடவையில் இறங்கினா. பஸ்ஸின் வலப்பக்கத்தால் ஒரு மோட்டார் சைக்கிள் முந்தி வந்தது. "மனே!" என்று பிள்ளையைப் பின்னுக்கு இழுத்தா. செருப்பு ஒன்று வீதியிலேயே கிடந்தது.

நின்ற பஸ்தான் அவர்களை மறைத்தது. அதனால் எந்த அமைப்பையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: அந்த மோட்டார் சைக்கிளை இது தடுத்திருக்குமா?

மேம்பாலம் வேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். லொறிகள் தட்டாமல் போக, தளம் ஐந்தரை மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும். 15 சென்ரிமீட்டர் படி என்றால் ஏற 37 படி, இறங்க 37 படி. முழங்கால் வலியோடு அம்மா ஏறமாட்டா, கீழாலேயே கடப்பா. சக்கர நாற்காலிக்கு 1:12 சரிவு வைத்தால் ஒரு பக்கத்துக்கே 66 மீட்டர் வேண்டும். எங்கள் கடைத்தெருவில் அந்த இடம் எங்கே?

வீதியோர இரும்பு வேலி பாடசாலை வாசலில் மட்டும் நல்லது, பிள்ளைகள் ஒரேயடியாக வீதியில் பாய மாட்டார்கள். நீளமாகப் போட்டால் சைக்கிளில் போகிறவர் வேலிக்கும் லொறிக்கும் இடையில் நசிபடுவார்.

மேட்டுக் கடவை என்பது கடவையையே 7.5 முதல் 10 சென்ரிமீட்டர் வரை உயர்த்திக் கட்டுவது. சாரதி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வேகம் குறையும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிறவர் ஒரு விநாடி யோசிப்பதற்குள் வாகனம் 14 மீட்டர் ஓடிவிடும். 30இல் என்றால் 8 மீட்டர்தான். மோதும் சக்தியும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆனால் இங்கே கட்டும்போது மாரியை மறக்கக் கூடாது. இரு ஓரத்திலும் நீர் வழி விடாமல் கட்டினால், கார்த்திகை மழையில் அந்த மேடே அணைக்கட்டாகிவிடும். அம்புலன்சும் வேகம் குறைக்க வேண்டிவரும். சரிவை நீளமாக, மெதுவாகக் கட்டினால் உலுக்கலாவது குறையும்.

முந்தி வந்த மோட்டார் சைக்கிளுக்கு நல்ல பதில் நடுத்திட்டுதான். வீதியின் நடுவில் திட்டு இருந்தால் ஒற்றை வரிசைப் பாதையில் பஸ்ஸின் வலப்பக்கத்தால் முந்தி வருவது கடினம். 7 மீட்டர் வீதியை ஒரே மூச்சில் கடக்க ஆறு விநாடி. நடுவில் நின்றால் மும்மூன்று விநாடி, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். சைக்கிளோடு நிற்க 2 மீட்டர் அகலம் வேண்டும், அதற்கு வீதியையும் அகட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெரும்போக அறுவடைக் காலத்தில் நெல் வெட்டும் மெஷின் ஏற்றிய லொறி சிக்கிக்கொள்ளும். இரவில் ஒளிரும் பட்டிகள் கட்டாயம். காத்தான்குடியில் பேரீச்ச மரங்களோடு நடுத்திட்டு ஏற்கெனவே இருக்கிறது. அப்படியான இடங்களில் கடவைக்குக் கிட்ட மரமோ விளம்பரப் பலகையோ பிள்ளையின் முகத்தை மறைக்காமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

காசு இருந்தால் ஒரே இடத்தில் மேடும் திட்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒன்றுக்குத்தான் காசு என்றால் பாடசாலை முன்னால் மேடு, சந்தைப் பக்கம் திட்டு. எதைக் கட்டினாலும் பஸ் தரிப்பிடத்தைக் கடவை தாண்டி வையுங்கள். இறங்குகிறவர்கள் பஸ்ஸின் பின்பக்கத்தால் கடப்பார்கள். பின்னால் வரும் சாரதிக்கு அவர்களின் முழு உருவமும் தெரியும்.