சேலத்திலிருந்து கடலுக்கு: புதுச்சேரியா, கொச்சியா, விசாகப்பட்டினமா?

சேலத்துக்காரர்களுக்குத் தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் மேட்டூர் அணை இருக்கிறது, ஏற்காடு ஏரி இருக்கிறது, மழை நன்றாகப் பெய்த வருடம் மூக்கனேரியும் இருக்கிறது. கடல்தான் இல்லை. வரைபடத்தில் நேர் கிழக்கே கோடு இழுத்தால் கடலூரில் போய் முட்டும். அதனாலோ என்னவோ, சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு கிடைத்தால் வீட்டில் யாராவது "கடல் பக்கம் போயிட்டு வரலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் புதுச்சேரியில்தான் வந்து நிற்கும். பக்கம், தமிழ் பேசலாம், புது பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தால் போதும். நல்ல காரணங்கள்தான். ஆனால் வெயில் அடிக்கும் துறைமுக நகரம், குளிக்க மணல், பேர் பெற்ற இடங்கள் என்று மூன்றையும் ஒரே பயணத்தில் எதிர்பார்க்கிறவர்கள் வேறு இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

சென்னையை நான் சேர்க்கவில்லை. கல்யாணத்துக்கும் இன்டர்வியூவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற ஊரைச் சுற்றுலா என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

முதலில் ஒரு விஷயம். துறைமுகமும் மணற்பரப்பும் ஒரே ஊரில் ஒத்துப்போவது அரிது. கிழக்குக் கரையில் அலைகள் வருடம் முழுக்க மணலை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. நடுவில் துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கரை அரிக்கும். சென்னை மெரினா அவ்வளவு அகலமாக இருப்பதற்கும், அதற்கு வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததற்கும் இதுதான் காரணம். இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் கரையில் இருக்கிற புதுச்சேரியும் விசாகப்பட்டினமும் ஏன் இப்படி இருக்கின்றன என்பது சுலபமாகப் புரியும்.

புதுச்சேரி

ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம். ரோடு நன்றாக இருக்கிறது. இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காரில் விடியற்காலை கிளம்பினால் காலைச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். தூரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை.

கடற்கரைச் சாலைதான் ஊரின் பலம். மாலை ஆறு மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. வயதானவர்களை நடக்க வைக்கவும் குழந்தைகளை ஓட விடவும் மூன்று ஊர்களிலும் இதைவிட நிம்மதியான இடம் கிடையாது. காந்தி சிலை, 1836ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போர் நினைவிடம், உள்ளே நுழைந்தால் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம், மணக்குள விநாயகர் கோயில், எல்லாமே நடந்து போகிற தூரம். 1908லிருந்து 1918 வரை பாரதியார் இங்கே அடைக்கலமாக இருந்தார். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு இப்போது நினைவு இல்லம். பிரெஞ்சுத் தெருக்களில் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கிற கூட்டத்தில் பாதிப் பேர்கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் மணல்? கடற்கரைச் சாலையை ஒட்டி நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கருங்கல். எண்பதுகளின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, வடக்கே நகரத்தின் முன்னால் இருந்த மணல் மெல்ல மெல்லப் போய்விட்டது. கரை மேலும் போகாமல் இருக்கக் கல்லைக் கொட்டினார்கள். 2018 வாக்கில் கடலுக்குள் முழுகிய ஒரு தடுப்பை அமைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. நல்ல வேலை, பாராட்டலாம். ஆனாலும் குளிக்கும் இடம் அதுவல்ல. குளிப்பதற்கு சுண்ணாம்பாற்றில் படகேறி பாரடைஸ் பீச்சுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வடக்கே கோட்டக்குப்பம் பக்கம் செரினிட்டி பீச். எங்கேயும் அலை இழுக்கும். கரையில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு இறங்குங்கள்.

துறைமுகம் என்று பார்க்க இங்கே ஒன்றும் இல்லை. மணலைக் காவு கொடுத்துக் கட்டிய துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்களும் வரவில்லை, அதுதான் வேடிக்கை. துறைமுக நகரம் என்கிற பெருமையெல்லாம் பக்கத்தில் அரிக்கமேட்டில் புதைந்து கிடக்கிறது. ரோமாபுரியோடு வணிகம் நடந்த இடம். 1945ல் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியல் அறிஞர் தோண்டிப் பார்த்தார். இன்றைக்குப் போனால் ஆற்றங்கரையில் மரங்களும் பாழடைந்த சுவர்களும்தான். வரலாற்றில் ஆர்வம் இல்லாதவர்களைக் கூட்டிப் போனால் திட்டு வாங்குவீர்கள்.

டிசம்பர் கடைசி வாரம் மட்டும் வேண்டாம். அறை வாடகையும் கூட்டமும் சேர்ந்து ஊரையே வேறு ஊராக்கிவிடும்.

கொச்சி

சேலத்துக்காரர்களுக்கு இருக்கும் ஒரு வசதியை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். சென்னையிலிருந்து கேரளா போகிற ரயில்களில் பெரும்பாலானவை ஜங்ஷனில் நின்றுதான் போகின்றன. திருவனந்தபுரம் மெயில், ஆலப்புழை எக்ஸ்பிரஸ் போன்றவற்றில் நள்ளிரவை ஒட்டி ஏறிப் படுத்தால் காலையில் எர்ணாகுளம். ஓட்டல் செலவில் ஓர் இரவு மிச்சம். காரில் போனால் கோவை, பாலக்காடு வழியாகச் சுமார் 350 கிலோமீட்டர். குதிரான் சுரங்கப்பாதை வந்த பிறகு அந்த மலைப்பாதை நெரிசல் குறைந்துவிட்டது. ஆனாலும் நான் ரயிலைத்தான் சொல்வேன், எர்ணாகுளத்தில் கார் ஓட்டுவது தண்டனை. டிக்கெட்டில் ஒரு கவனம்: சில ரயில்கள் எர்ணாகுளம் ஜங்ஷனுக்கும் சில எர்ணாகுளம் டவுனுக்கும் போகும். உள்ளூரில் சவுத், நார்த் என்பார்கள்.

மூன்று ஊர்களில் துறைமுகம் கண்ணுக்கு முன்னாலேயே வேலை செய்வது இங்கேதான். ஃபோர்ட் கொச்சிக் கரையில் நின்றால் சரக்குக் கப்பல் உங்களுக்கும் எதிரே வைப்பின் தீவுக்கும் நடுவில் நுழைகிறது. சத்தமில்லாமல் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் நகர்ந்து வருவதுபோல இருக்கும், கைப்பேசியை எடுப்பதற்குள் பக்கத்தில் வந்துவிடும். 1341ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம்தான் பழைய முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சிக்கு வாயைத் திறந்துவிட்டது என்று சொல்வார்கள். வெல்லிங்டன் தீவு அதற்கு நேர்மாறு, மனிதர் செய்தது. 1920களில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் தலைமையில் தூர்வாரிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது.

ஊரைத் தண்ணீர் வழியாகவே சுற்றலாம் என்பதுதான் கொச்சியின் தனி ருசி. அரசுப் படகு சில ரூபாய்க்குக் கொண்டுபோய் விடும். 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் ஏசி, பெரிய கண்ணாடி ஜன்னல், மின்சாரப் படகு. அடுத்த வருடமே அது ஃபோர்ட் கொச்சி வரைக்கும் வந்துவிட்டது. குழந்தைகளோடு போகிறவர்கள் ஒருமுறை அதில், ஒருமுறை பழைய படகில் என்று போங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆபீஸ் முடிந்து போகிறவர்களோடும் மீன் கூடைகளோடும் நின்றுகொண்டு போகிற படகு.

பேர் பெற்ற இடங்கள் என்றால் இங்கே அடர்த்தி அதிகம். சீன வலைகள். புனித பிரான்சிஸ் தேவாலயம்: 1524ல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்த இடம், எலும்புகளைப் பிறகு லிஸ்பனுக்குக் கொண்டு போய்விட்டார்கள். மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனை என்று பெயர், கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள். ராமாயணச் சுவரோவியங்களுக்காகவே போகலாம். பக்கத்தில் 1568ல் கட்டிய யூதர்களின் ஜெப ஆலயம். இங்கேதான் வாரக் கடைசிப் பயணிகள் மாட்டிக்கொள்வார்கள். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஜெப ஆலயத்துக்கு சனிக்கிழமை. வெள்ளி இரவு ரயிலேறி சனிக்கிழமை காலை நேராக மட்டாஞ்சேரிக்குப் போனால் பாதிதான் கிடைக்கும். சனிக்கிழமை படகுக்கும் கடற்கரைக்கும், ஞாயிறு மட்டாஞ்சேரிக்கு என்று மாற்றி வைத்தால் சரியாகிவிடும்.

கடற்கரையில்தான் கொச்சி சறுக்குகிறது. ஃபோர்ட் கொச்சி பீச் என்று பலகை இருக்கிறது, பீச்தான் தேய்ந்துபோயிருக்கிறது. கொஞ்சம் மணல், கல், ஆகாயத்தாமரை, குப்பை. குளிக்க வேண்டுமென்றால் ரோ-ரோ படகில் வண்டியோடு வைப்பினுக்குக் கடந்து வடக்கே செராய் போகலாம். ஒரு பக்கம் கடல், சாலையைத் தாண்டினால் காயல். அழகான இடம், ஆனால் அதற்கே அரை நாள் போய்விடும். ஒன்று மட்டும் உண்டு: கொச்சியில் சூரியன் கடலில் மறையும். புதுச்சேரியில் உதயம் பார்க்க அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டும். லீவு நாளில் எழாதவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை கொச்சி வேண்டாம். வெயில் தேடிப் போகிறவர்களுக்குக் குடைதான் மிச்சம்.

விசாகப்பட்டினம்

பயணம் நீளம் என்பதாலேயே நம் ஊரில் யாரும் இதை யோசிப்பதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆலப்புழையிலிருந்து தன்பாத் போகிற எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகத்தான் போகிறது. ஏறக்குறைய ஒரு முழு நாளை ரயிலுக்கு எழுதி வைக்க வேண்டும். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் விமானம் பிடித்தால் நேரம் மிச்சம், காசு போகும். மூன்று நாள் லீவுக்கு இது ஆகாது. ஐந்து நாள் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

காரணம், துறைமுகமும் மணலும் பேர் பெற்ற இடங்களும் ஒரே ஊரில் கிடைப்பது இங்கேதான். டால்ஃபின்ஸ் நோஸ் என்கிற பாறைமலை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு துறைமுகத்தை மறைத்து நிற்கிறது. 1933ல் திறந்த துறைமுகம். இங்கேயும் அதே மணல் பிரச்சினை உண்டு. துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிற ராமகிருஷ்ணா பீச் அரிக்கும். ஆனால் தூர்வாரும் மணலைக் கொண்டுவந்து கரையில் கொட்டி ஈடுகட்டுகிறார்கள். அதனால் நகரத்தின் நடுவிலேயே நீளமான மணற்பரப்பு நிற்கிறது. குளிப்பதற்கு அதைவிட வடக்கே ருஷிகொண்டா நல்லது.

கடற்கரையிலேயே ஒரு நீர்மூழ்கிக் கப்பலைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். ஐஎன்எஸ் குர்சுரா, சோவியத் யூனியனில் கட்டியது, 1969ல் கடற்படையில் சேர்ந்தது, 2001ல் ஓய்வு. அடுத்த வருடமே அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியே வரலாம். இத்தனை பேர் மாதக்கணக்கில் இதற்குள் எப்படிப் படுத்தார்கள், எப்படிச் சமைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு உள்ளேயே பதில் இருக்கிறது. சாலைக்கு எதிர்ப்பக்கம் டியூ-142 விமானம். திங்கட்கிழமை குர்சுரா மூடியிருக்கும். 1971 போரில் பாகிஸ்தானின் காசி நீர்மூழ்கி மூழ்கியதும் இந்தக் கடலில்தான். இந்தக் கதை தெரிந்துகொண்டு போனால் கப்பலுக்குள் நடப்பதே வேறு மாதிரி இருக்கும்.

மலையும் உண்டு. கைலாசகிரி ஊருக்குள்ளேயே. அரக்கு பள்ளத்தாக்கு தொலைவு. அங்கே காபித் தோட்டம் பார்க்க வேண்டுமென்று அவசியமில்லை, நம் ஏற்காட்டில் 1820களிலிருந்தே காபி இருக்கிறது. வழியில் இருக்கும் போரா குகைகளுக்காகப் போங்கள், சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் சொட்டிச் சொட்டி வளர்ந்த தூண்கள். மலை ரயிலில் போவது இன்னும் நல்லது.

மொழி ஒரு தடை என்பார்கள். சேலத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்கு அங்கே பேசும் தெலுங்கு முதலில் கொஞ்சம் வேகமாக இருக்கும், அவ்வளவுதான். காரம் வேண்டுமானால் தடையாகலாம். அக்டோபர், நவம்பரில் புயல் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயல் இந்த ஊரை நேராகவே அடித்தது.

தூத்துக்குடியை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் சேலத்தில் நிற்கிறது, மன்னார் வளைகுடாக் கடல் அமைதியானது, மக்ரூன் வாங்கி வரலாம், 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர். ஆகஸ்ட் முதல் வாரம் பனிமய மாதா திருவிழா பார்க்கப் போனால் ஊரே வேறு. ஆனால் துறைமுகத்துக்குள் நினைத்தபடி போக முடியாது. சுற்றுலாவுக்கென்று தனியாகப் போவதைவிட, திருச்செந்தூர் போகும்போது ஒரு நாள் சேர்த்துக்கொள்கிற ஊர் அது.

ஆகக்கூடி, இரண்டு நாள், கூடவே பெரியவர்கள், ரொம்ப அலைய முடியாது என்றால் புதுச்சேரி. அங்கே போய்விட்டுக் கப்பல் பார்க்கவில்லை என்று குறைப்படக் கூடாது. மூன்று நாள், நடக்கவும் படகேறவும் தெம்பு இருக்கிறது, குளியல் முக்கியமில்லை என்றால் கொச்சி. டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், பினாலே என்கிற கலைத் திருவிழா நடக்கிற வருடமாக இருந்தால் பழைய பண்டகசாலைகளுக்குள் ஓவியக் கண்காட்சியும் கிடைக்கும். அரைப் பரீட்சை லீவில் ஐந்து நாளுக்கு மேல் கையில் இருந்தால் விசாகப்பட்டினம். மே மாதத்துக்கு மூன்றையுமே நான் சொல்லமாட்டேன், சேலத்து வெயிலோடு கடற்கரைப் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

விசாகப்பட்டினத்துக்கு டிக்கெட் போடும்போது ஒன்றைப் பாருங்கள். சில ரயில்கள் நகர ஸ்டேஷனுக்குள் நுழையாமல் துவ்வாடாவில் நிறுத்திவிட்டு அப்படியே போய்விடும். அங்கிருந்து கடற்கரைக்கு ஆட்டோ பேசினால், அவர் சொல்கிற ரேட்டைக் கேட்டுக் கொஞ்சம் யோசிப்பீர்கள்.